இரவில் விறைக்கும் கை: வாதமா, வேலையால் வந்ததா?

கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் இயந்திரத்தில் வேலை செய்யும் 36 வயது வாசகி ஒருவர், இரவில் வலக்கை விறைத்து நித்திரை கலைவதாகவும், கையை உதறினால் சற்றுத் தெளிவதாகவும், வீட்டார் வாதம் என்று எண்ணெய் பூசிப் புக்கை கட்டுவதாகவும் எழுதியிருக்கிறார். இது வேலையால் வந்ததா, வேலையை விட்டுவிட வேண்டுமா என்பதே அவரது கேள்வி.

உதறினால் தெளிகிறது என்று நீங்கள் எழுதியது மிக முக்கியமான தகவல். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டின் உட்புறத்திலுள்ள ஒடுங்கிய வழியொன்றினூடாகச் செல்கின்றன. துணியைப் பிடித்துத் தள்ளும் அதே அசைவு நாள் முழுவதும் தொடரும்போது தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்து நரம்பு நெரிபடலாம். நித்திரையில் மணிக்கட்டு மடிந்து கிடப்பதால் அந்த அழுத்தம் மேலும் கூடுகிறது. இதையே வைத்தியர்கள் கார்பல் டனல் நோய் என்கிறார்கள்.

இன்றிரவு விழிக்கும்போது எந்தெந்த விரல்கள் விறைக்கின்றன என்று கவனித்துக் குறித்து வையுங்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி என்றால் பெரும்பாலும் மணிக்கட்டுதான் காரணம்; சுண்டுவிரல் விறைத்தால் முழங்கையையும், கழுத்திலிருந்து வலி இறங்கினால் கழுத்தையும் பார்க்க வேண்டும். பிறகு இரு கைகளையும் மேசையில் மல்லாத்தி வைத்து, பெருவிரலின் அடியிலுள்ள சதைமேட்டை ஒப்பிடுங்கள். வலக்கையில் அது வற்றியிருந்தாலோ, சட்டைத் தெறி பூட்டவோ குண்டூசி பொறுக்கவோ தடுமாறினாலோ நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் தாமதிக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்விலும் குறையவில்லை, ஆகவே வேலை காரணமல்ல என்று பலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது சரியல்ல. அன்றைக்கும் தேங்காய் திருவி, கிணற்றில் அள்ளி, துணி பிழிந்து, தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கும் கைக்கு ஓய்வு எங்கே கிடைத்தது? அதேவேளை நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, கர்ப்பம் ஆகியவையும் இதே விறைப்பைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம். இரு கைகளின் மூட்டுகளும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்தால் அது மூட்டுவாதமாக இருக்கலாம். கையோடு முகமும் திடீரெனக் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், அந்தக் கணமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

போர் நடந்த வன்னியில் இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும். கையிலோ தோளிலோ கழுத்திலோ பழைய செல் (எறிகணை) காயம் இருந்தால், வலிக்காத காயமாயினும், அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். பழைய தழும்பும் நரம்பை நெரிக்கக்கூடும். உடம்பில் உலோகத் துண்டு தங்கியிருந்தால் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், ஏனெனில் அதன் காந்தம் அத்துண்டை அசைக்கலாம்.

எண்ணெய் பூசுவதில் கெடுதல் இல்லை. இறுக்கிய புக்கையை அவிழ்த்துவிடுங்கள், ஒடுங்கிய வழியை அது மேலும் ஒடுக்கும். வலிக்குளிசைகளால் விறைப்புக்குப் பெரிய பயன் கிடைப்பதில்லை. மணிக்கட்டை மடியவிடாமல் நேராக வைத்திருக்கும் பட்டையை ஆறு வாரமளவு இரவில் அணிவதே முதல் சிகிச்சை; மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, பட்டை பற்றியும், நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கடத்துகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனை பற்றியும் கேளுங்கள். தேறாவிட்டால் மணிக்கட்டில் போடும் ஊசியும், சதை வற்றத் தொடங்கினால் சிறு சத்திரசிகிச்சையும் உண்டு.

வேலையை உடனே விட வேண்டியதில்லை. வைத்தியரின் கடிதத்துடன் மேற்பார்வையாளரிடம் பேசி, நாளின் ஒரு பகுதிக்கேனும் வேறு வகை வேலைக்கு மாற்றித் தரவும், மணிக்கட்டு மடியாதபடி கதிரையின் உயரத்தைச் சரிசெய்யவும், மழுங்கிய கத்தரிக்கோலை மாற்றவும் கேளுங்கள். இவை நீங்கள் கேட்கத்தக்க நியாயமான வசதிகள். மாதக்கணக்கில் பொறுத்துவிட்டுச் சதை வற்றிய பின் வரும் சகோதரிகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தாலும் பிடியின் பலம் முழுமையாகத் திரும்பாமல் போகலாம் என்பதால், இந்த மாதமே போய்க் காட்டுங்கள்.