மடிக்கணினி ஸ்பீக்கர் பழுதுகள்: கேள்வி பதில்

கேள்வி: விண்டோஸ் அப்டேட் முடிந்த மறுநாளிலிருந்து சத்தமே இல்லை. கடையில் காட்டியபோது இரண்டு ஸ்பீக்கரையும் மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றிவிடலாமா, ஐயா?

பதில்: பணத்தைக் கையில் வைத்திருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே நாளில் சேர்ந்து எரிவது அபூர்வம். அப்டேட்டுக்கு மறுநாள் இரண்டும் ஊமையானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, ஒலிக் கருவியை இயக்கும் மென்பொருளான டிரைவரைத்தான். ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். அதிலும் கேட்கவில்லையென்றால் பழுது பெரும்பாலும் ஸ்பீக்கரில் இல்லை. டிவைஸ் மேனேஜரில் ஒலிக்கான டிரைவரை நீக்கிவிட்டு, தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்றே கொடுத்திருக்கும் டிரைவரை நிறுவுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்குங்கள். அங்கே சத்தம் வந்தால் ஸ்பீக்கர் நலமாக இருக்கிறது, குறை விண்டோஸில்தான் என்று உறுதியாகிவிடும். வராவிட்டாலோ, ஸ்பீக்கர் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சில புதிய மாடல்களில் ஸ்பீக்கருக்கென ஒலியைப் பெருக்கும் தனி ஆம்ப்ளிஃபையர் சிப் இருக்கிறது, அதை இயக்கும் வசதி லினக்ஸுக்குத் தாமதமாகவே வந்து சேர்கிறது.

கேள்வி: 2012ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோ. ஸ்பீக்கர் பேசவில்லை, ஹெட்போன் துளைக்குள் சிவப்பு வெளிச்சம் தெரிகிறது.

பதில்: அந்த வெளிச்சமே விடை. அக்கால மேக்புக் ப்ரோக்களில் அந்த 3.5 மில்லிமீட்டர் ஜாக், ஒளிவழி டிஜிட்டல் வெளியீடாகவும் வேலை செய்யும். உள்ளே உள்ள சிறு ஸ்விட்ச் சிக்கிக்கொண்டதால், டிஜிட்டல் கேபிள் செருகியிருப்பதாகக் கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது. ஹெட்போன் பிளக்கை மெதுவாகச் செருகி, சற்றே திருகி, எடுங்கள். பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். ஸ்விட்ச் விடுபட்டால் வெளிச்சம் அணைந்து ஸ்பீக்கர் பேசத் தொடங்கும். ஊசியோ சேஃப்டி பின்னோ உள்ளே விடவே கூடாது.

கேள்வி: இடது பக்கம் மட்டும் கேட்கிறது.

பதில்: ஒலி அமைப்பில் இடது, வலது அளவுகள் சமமாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். சமமாக இருந்தால், கீழ் மூடியைக் கழற்றியதும் வேறெதையும் தொடுமுன் பேட்டரி கனெக்டரைப் பிரியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அத்துடன் நிறுத்திவிட்டுச் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். ஸ்பீக்கர் ஒயர் போய்ச் சேரும் சிறிய கனெக்டர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் நகத்தால் நேராக அழுத்தினாலே போதும். சரியாக அமர்ந்திருந்தால் அதைக் கழற்றி, மின்தடையை அளக்க மல்டிமீட்டர் வையுங்கள்: 4 ஓம் ஸ்பீக்கர் நான்கிற்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயிலோ (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள்) ஒயரோ அறுந்திருக்கிறது.

கேள்வி: பாட்டில் சில இடங்களில் மட்டும் கரகரக்கிறது.

பதில்: ஸ்பீக்கரில் காந்தம் இருப்பதால் இரும்புத் துகளை இழுத்துக்கொள்ளும். சென்ற மாதம் ஓர் ஆசிரியையின் கணினியில் ஸ்டேப்லர் பின்னின் உடைந்த துண்டொன்று ஸ்பீக்கர் வலையின் மேல் நின்றபடி, தாழ்ந்த சுருதி வரும்போதெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்தது. செல்லோ டேப்பை ஒட்டி எடுத்ததும் சரியாகிவிட்டது. நீங்களும் டேப்பையே பயன்படுத்துங்கள். ஊசியால் குத்தினால் வலைக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும்.

கேள்வி: விஎல்சி பிளேயரில் ஒலியை 125 சதவீதம் வைத்துப் படம் பார்ப்பது ஸ்பீக்கரைக் கெடுக்குமா?

பதில்: ஏற்கெனவே உரத்த ஒலியை மேலும் ஏற்றி, மணிக்கணக்கில் ஓட விட்டால் கெடுக்கும்.

மறுப்பு (ஒரு பொறியாளர்): மன்னிக்கவும், ஐயா. ஆம்ப்ளிஃபையர் தன் உச்ச வோல்டேஜைத் தாண்ட முடியாது. மென்பொருள் எப்படி ஸ்பீக்கரை எரிக்கும்?

பதில்: உச்சத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி, நான் சொல்வது அலையின் வடிவத்தைப் பற்றி. அளவுக்கு மேல் ஏற்றிய அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகி, சதுர அலையை நெருங்குகிறது. ஒரே உச்ச வோல்டேஜில், வளைந்து ஏறி இறங்கும் சைன் அலை தரும் ஆற்றலைப் போல் இருமடங்கைச் சதுர அலை தரும். முழு வீச்சுச் சைன் அலையில் 2 வாட் வாங்கும் காயில், சதுர அலையில் 4 வாட் வாங்கிச் சூடேறும். முடியிழை போன்ற கம்பிக்கு அது சிறிய சுமையன்று.

மறுப்பு (அதே பொறியாளர்): இப்போதைய ஆம்ப்ளிஃபையர்கள் காயிலின் சூட்டைக் கணித்துத் தாமே ஒலியைக் குறைக்கின்றனவே?

பதில்: அத்தகைய சிப் உள்ள மாடலில் உங்கள் வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் எல்லா மாடலிலும் அது இல்லை. கேட்டவருடைய மாடலில் இருக்கிறதா என்று தெரியாமல் அவருக்கு நான் தைரியம் சொல்ல முடியாது. வசனம் மெல்லக் கேட்கும் படத்துக்கு ஏற்றிக்கொள்ளட்டும். ஒலி உடையத் தொடங்கியதும் குறைத்துவிட வேண்டும்.

கேள்வி: சத்தம் வரவில்லை. உதவவும்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். மாடல் எண்ணையும், ஹெட்போனில் கேட்கிறதா என்பதையும் எழுதாமல் யாராலும் உதவ முடியாது.

கேள்வி: டிவியில் எச்டிஎம்ஐ கேபிளை இணைத்தால் மடிக்கணினியில் சத்தம் நின்றுவிடுகிறது.

பதில்: பழுது இல்லை. ஒலி டிவிக்குப் போகிறது. ஒலி ஐகானில் வெளியீட்டை ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: எனக்கும் சத்தம் வரவில்லை, ஐயா. ஊசியால் வலையைச் சுத்தம் செய்தும் பயனில்லை.

பதில்: ஊசி வேண்டாம் என்று இரண்டு முறை எழுதிவிட்டேன். ஹெட்போன் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: கைபேசி ஸ்பீக்கரில் தண்ணீர் போய்விட்டது.

பதில்: கைபேசி என் துறையன்று. அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், கைபேசி பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: வலது ஸ்பீக்கரின் காயில் அறுந்துவிட்டது என்று மல்டிமீட்டரில் உறுதியாகிவிட்டது. புதிது வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறேன். எதைக் கேட்டு வாங்குவது?

பதில்: கழற்றிய ஸ்பீக்கரையே கையில் கொண்டுபோங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் பாகத்தின் எண், ஓம் அளவு, ஸ்க்ரூ துளைகளின் இடம், ஒயரின் நீளம் நான்கும் ஒத்துப்போக வேண்டும்.