யூரோவிஷன் மேடை நாற்பது வினாடியில் எப்படி மாறுகிறது?

கேள்வி: யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஒரு நாட்டின் பாட்டு முடிந்து அடுத்த நாடு வருவதற்குள் மேடையே வேறாகிவிடுகிறது. இதை எப்படிச் செய்கிறார்கள்? இவ்வளவு பெரிய மேடை உண்மையிலேயே பாட்டுக்கு உதவுகிறதா?

பாபநாசம் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு மைக்செட் தொழில். அப்பா ஆரம்பித்தது, இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சிவராத்திரி வந்தால் விடிய விடிய நாட்டிய நிகழ்ச்சி. அதனால் எந்த நிகழ்ச்சியைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது மேடைக்குத்தான். யூரோவிஷனை எனக்குக் காட்டியது என் மகள். யூடியூபிலேயே நேரலையாக வருகிறது. அங்கே ராத்திரி ஒன்பது மணி என்றால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. யார் ஜெயித்தார்கள் என்று தெரியும்போது தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போவார்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரத்தில் 7 நாடுகளோடு தொடங்கிய போட்டி இது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் நடத்துகிறது. நாட்டுக்கு ஒரு பாட்டு. ஜெயித்த நாடு வழக்கமாக அடுத்த வருஷம் நடத்தும். இறுதிச்சுற்றில் 25, 26 பாட்டு வரை வரும், அத்தனையும் நேரலை.

இப்போது மேடைக்கு வருவோம். பாட்டு மூன்று நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. உயிருள்ள மிருகம் எதையும் கொண்டுவரக் கூடாது. முக்கியப் பாடகர் நேரடியாகத்தான் பாட வேண்டும், ஆனால் வாத்தியங்கள் எல்லாம் முன்பே பதிவு செய்தவை. டிரம்ஸ் அடிப்பவர் அடிக்கிற மாதிரி தெரியும், கிடாரில் விரல் ஓடும், சத்தம் மட்டும் பதிவிலிருந்து வரும். 1998 பர்மிங்காம் போட்டி வரை ஆர்கெஸ்ட்ரா இருந்தது. 1999இலிருந்து அது இல்லை.

இதைச் சொன்னால் "அப்போ ஏமாத்துறாங்களா?" என்று கேட்கிறார்கள். எங்கள் தொழிலில் இருக்கும் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஒரு மெல்லிசைக் கச்சேரிக்கு டிரம்ஸுக்கு மைக் வைத்து, தபலாவுக்கு வைத்து, கீபோர்டுக்கு ஒயர் இழுத்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து அளவு சரிசெய்ய எங்களுக்கு முக்கால் மணிநேரம் ஆகும். அதுவும் தினமும் சேர்ந்து வேலை செய்யும் குழுவோடு. 26 நாட்டு வாத்தியத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷத்துக்குள், கோடிக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மைக் வைக்க முடியாது. எங்கேயாவது ஒரு மைக் கூவிவிடும். ஒரு ஒயர் செத்துப் போயிருக்கும், அது எந்த ஒயர் என்று தேடுவதற்குள் அந்த நாட்டின் ஒரு வருஷ உழைப்பு போய்விடும். எல்லாருக்கும் ஒரே தரத்தில் சத்தம் கிடைக்க வேண்டும் என்றால் இந்த ஏற்பாடுதான் நியாயம் என்பது என் தீர்மானமான கருத்து.

சரி, அந்த இடைவெளி. ஒரு பாட்டு முடிந்ததும் டிவியில் ஒரு குட்டிப் படம் ஓடும். அடுத்து பாடப்போகிறவர் படகில் போவார், மலை ஏறுவார், சிரிப்பார். இதை அவர்கள் போஸ்ட்கார்டு என்கிறார்கள். சுமார் நாற்பது வினாடி. வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அரங்கத்தில் விளக்கு அணைந்து, கறுப்புச் சட்டை போட்ட ஒரு பட்டாளம் மேடைக்கு ஓடி வருகிறது. முந்தைய நாட்டின் சாமான்களை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போகும்போதே, இன்னொரு பக்கத்திலிருந்து அடுத்த நாட்டின் சாமான்கள் சக்கரத்தில் உருண்டு வரும். படிக்கட்டு, பியானோ, கூண்டு, ராட்சதச் சக்கரம் என்று என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். ஒருவர் பிளக் சொருகுவார். இன்னொருவர் தரையில் ஒட்டிய டேப் அடையாளத்தில் சக்கரத்தை நிறுத்திப் பூட்டு போடுவார். பாடகர் வந்து தன் அடையாளத்தில் நிற்பார், காதில் கேட்கும் கருவியைச் சரிசெய்வார்கள். எல்லாரும் ஓடி மறைவார்கள். இசை தொடங்கிவிடும்.

இதில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது, மேடையைத் துடைக்கிறவர்களை. சாமான் தள்ளுகிறவர்களுக்குப் பின்னாலேயே அவர்கள் வருவார்கள். பறந்து விழுந்த காகிதத் துணுக்கு, தண்ணீர், புகை படிந்த ஈரம் எல்லாவற்றையும் இழுத்துத் துடைத்துக்கொண்டே போவார்கள். யாருக்கும் அவர்கள் முகம் தெரியாது.

அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிவராத்திரி நினைவுக்கு வரும். அப்போது எனக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். ஒரு கோயிலில் நாட்டிய விழா. முப்பது குழு, ஒவ்வொரு குழுவுக்கும் பதினைந்து நிமிஷம். ஒரு குழு இறங்கும், அடுத்த குழு ஏறும். எங்கள் வேலை மைக்கும் விளக்கும் மட்டும்தான், மேடையைப் பெருக்குவது யார் வேலை என்று யாரும் பேசி வைக்கவில்லை. நடுராத்திரி தாண்டி ஒரு சின்னப் பெண், பத்து வயதுகூட இருக்காது, தனியாக ஆடினாள். மூன்றாவது ஜதியில் அவள் முகம் ஒரு நொடி சுருங்கி, மறுபடி சரியானது. கடைசி வரை ஆடி முடித்து, கும்பிட்டு, நடந்தே இறங்கினாள். வெள்ளை விரிப்பில் வரிசையாகச் சிவப்புப் புள்ளி. முந்தைய குழுவில் யாருடைய புடவையிலிருந்தோ கழன்று விழுந்த ஊக்கு ஒன்று திறந்தபடி கிடந்து அவள் உள்ளங்காலில் ஏறியிருந்தது.

அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எங்கள் செட்டு போகும் எந்த மேடையிலும், ஒவ்வொரு குழு இறங்கியதும் எங்களில் ஒருவர் ஏறி, குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் தரை முழுக்கத் தடவிப் பார்ப்போம். சலங்கை மணி, ஹேர்பின், ஊக்கு, வாடிய பூ. பூவும் ஆபத்துதான், காலை வழுக்கிவிடும். துடைப்பத்துக்குத் தெரியாதது கைக்குத் தெரியும் என்பார் அப்பா. அறிவிப்பாளர் அடுத்த குழுவின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். கிட்டத்தட்ட அதே நாற்பது வினாடிதான்.

அந்த நாற்பது வினாடிக்குப் பின்னால் எத்தனை வாரம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பாடகர்கள் வருவதற்கு முன்பே உள்ளூர் ஆட்களை அவர்கள் இடத்தில் நிற்க வைத்து ஒவ்வொரு பாட்டையும் ஒத்திகை பார்த்துவிடுகிறார்கள். அப்புறம் பாடகர் வந்ததும் முதல் ஒத்திகைக்கு 30 நிமிஷம், இரண்டாவதுக்கு 20 நிமிஷம். எந்த வினாடியில் எந்த கேமரா என்பதுகூடப் பாட்டின் தாளத்தோடு கட்டிப் போட்டு கணினியில் ஏற்றிவிடுகிறார்கள், கியூபைலட் என்ற மென்பொருள் அதைச் செய்கிறது. கேமராக்காரருக்குத் தன் முறை எப்போது என்று எண்ணிக்கை வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பாடகர் திரும்பும் அதே நொடியில் கேமராவும் அந்தப் பக்கம் இருக்கிறது. பிறகு முழு ஒத்திகைகள். அவற்றில் இறுதிக்கு முந்தைய நாள் ராத்திரி நடப்பதைப் பார்த்துத்தான் நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். ஆக, நாம் சனிக்கிழமை பார்ப்பதற்கு முன்பே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது!

பாட்டு வரிசையும் 2013இலிருந்து முழுக்கக் குலுக்கல் இல்லை. தயாரிப்பாளர்கள்தான் அமைக்கிறார்கள். அடுத்தடுத்த பாட்டுகள் ஒரே சாயலில் இருக்கக் கூடாது என்பது ஒரு காரணம். பெரிய சாமான் ஏற வேண்டிய பாட்டுக்கு முன்னால் தொகுப்பாளர் பேசும் நேரத்தை வைத்துக்கொள்ள முடிவது இன்னொரு வசதி. நாங்களும் அப்படித்தான் செய்வோம். பெரிய குழு ஏறுவதற்கு முன்னால் பொன்னாடை போர்த்துவதை வைத்துக்கொள்ளச் சொல்லி விழாக் குழுவிடம் கெஞ்சுவோம்.

இவ்வளவு பார்த்தும் தவறும். 2022இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் மேடைக்குப் பின்னால் சூரியன் மாதிரி பெரிய வளைவுகளை வைத்தார்கள். அவை சுழன்று முகம் மாறும் என்பது திட்டம். நினைத்தபடி அது சுழலவில்லை. அதை நம்பி வந்த நாடுகள், ஒத்திகைக்கு வந்த இடத்தில் தங்கள் காட்சியை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வளைவைச் செய்தவர்களின் அந்த வாரத்து ராத்திரிகளை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. முந்தின வருஷம் ராட்டர்டாமில் வேறு விதமான சோதனை. ஐஸ்லாந்து குழுவில் ஒருவருக்குக் கொரோனா, அதனால் அவர்கள் மேடை ஏறவே முடியவில்லை. ஒத்திகையில் பதிவானதைப் போட்டுத்தான் போட்டியில் வைத்தார்கள். அப்படியும் நாலாவது இடம் வந்தார்கள்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: உதவும், மேடை பாட்டின் பேச்சைக் கேட்டால். 2015இல் ஸ்வீடனின் மோன்ஸ் ஸெல்மர்லேவ் பின்னால் ஒரு திரையை வைத்துக்கொண்டு, அதில் கோட்டோவியமாக வரும் ஒரு சின்னப் பையன் பொம்மையோடு விளையாடிக்கொண்டே பாடினார். ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் விளையாட்டு கலைந்திருக்கும். ஜெயித்தார். அது வெளிச்சத்தின் வெற்றி. இரண்டு வருஷம் கழித்து கீவ் நகரத்தில் போர்ச்சுகலின் சல்வதோர் சோப்ரால் வந்தார். அத்தனை பெரிய மேடை இருக்க, அதை விட்டுவிட்டு, கூட்டத்துக்கு நடுவில் இருந்த சின்ன வட்ட மேடையில் தனியாக நின்றார். ஆட்டக்காரர் இல்லை, நெருப்பு இல்லை. தூரத்துத் திரையில் மரங்கள் மட்டும். அவர் அக்கா எழுதிய பாட்டு, போர்ச்சுகீசிய மொழியில். 758 புள்ளி. அந்த நாட்டுக்கு அதுதான் முதல் வெற்றி. அடுத்த வருஷம் லிஸ்பனில் போர்ச்சுகல் நடத்தியபோது மேடையின் பின்புறத்தில் பெரிய எல்இடி திரையே வைக்கவில்லை. 2025இல் பாஸல் நகரத்தில் ஆஸ்திரியாவின் ஜேஜே ஒரே ஒரு படகோடு வந்து, கறுப்பு வெள்ளையில், புயலுக்குள் நின்று பாடி ஜெயித்தார். ஒரு படகு, கொஞ்சம் காற்று, வெட்டி வெட்டி வரும் வெளிச்சம். எல்லாம் எங்கள் கையில் இருக்கும் பொருள்தான், அதை அந்த அளவுக்குச் செய்துவிட முடியும் என்பதைப் பார்த்து அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மொழி புரியாமல் எப்படி ரசிக்கிறாய் என்று கேட்பவர்கள் மேலட்டூருக்கு வர வேண்டும். எங்களுக்குப் பக்கம்தான். யூரோவிஷன் மாதிரியே மே மாத வாக்கில், நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும். வேங்கடராம சாஸ்திரி எழுதிய நாடகங்கள், எல்லாம் தெலுங்கு. பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். தெலுங்கு தெரியாத எத்தனையோ பேர் விடியும் வரை உட்கார்ந்திருப்பார்கள். பிரகலாதனைப் பார்க்க அர்த்தம் தெரிய வேண்டியதில்லை.

பெரிய நகரம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. 1993இல் இந்தப் போட்டி நடந்தது அயர்லாந்தின் மில்ஸ்ட்ரீட்டில். கார்க் மாவட்டத்தில் 1,500 பேர் அளவுக்கு வாழ்ந்த ஊர். அரங்கம் என்பது குதிரைப் போட்டி நடக்கும் கிரீன் கிளென்ஸ். முந்தைய வருஷம் அயர்லாந்து ஜெயித்ததும் அந்த இடத்துக்குச் சொந்தக்காரரான நோயல் டுக்கன், என் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தொலைக்காட்சி நிறுவனத்துக்கு எழுதினார். குதிரை ஓடிய தரையில் 25 நாடுகள் பாடின. அந்த வருஷமும் அயர்லாந்தே ஜெயித்தது. எங்கள் ஊரைவிடச் சின்ன ஊர் அது. இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் நெல் களத்தைத் திரும்பிப் பார்த்தான்.

போன மாதம், பார்வையாளர் யாரோ அரங்கத்திலிருந்து எடுத்துப் போட்ட வீடியோ ஒன்று மகளுக்குக் கிடைத்தது. போஸ்ட்கார்டு இல்லாமல், அந்த இருட்டு நாற்பது வினாடி அப்படியே இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். இப்போது அவர் வேலைக்கு வருவதில்லை, கண்ணும் முன்போல் இல்லை. போனை முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, சாமான் தள்ளுகிறவர்களை, பெரிய விளக்குகளை, எதையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்தார். எல்லாரும் ஓடிய பிறகு துடைப்பான் வைத்திருந்த ஒருவர் மட்டும் பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, குனிந்து எதையோ எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

"இன்னொரு தடவை போடு" என்றார் அப்பா.