வாசகர் கேள்வி - பதில்: எரியாத இரும்புக்கு ஏன் தீக்காப்பு?

கேள்வி: என் சித்தப்பா எஃகுக் கட்டடங்களின் தீப்பாதுகாப்புப் பொறியாளராக முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, வரும் சித்திரையில் ஓய்வு பெறுகிறார். காட்பாடியில் ஒரு சிறிய மண்டபத்தில் பாராட்டு விழா எடுத்து, ஒரு மலரும் வெளியிட இருக்கிறோம். ஆனால் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதே உறவினர்கள் பலருக்கும் தெரியவில்லை. "தீயணைப்புத் துறையா?" என்று கேட்கிறார்கள். பாலம் கட்டினார், அணை கட்டினார் என்று காட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. மலரில் எதை எழுதுவது? - காட்பாடி வாசகி

பதில்: பாலம் கட்டியவருக்கு அந்தப் பாலமே சாட்சி. உங்கள் சித்தப்பாவின் உழைப்பை நிமிடக் கணக்கில்தான் சொல்ல முடியும். அதை மலரின் முதல் பக்கத்திலேயே விளக்கிவிடுங்கள்.

தீயணைப்பு வீரர் தீப்பிடித்த பிறகு வருகிறார். உங்கள் சித்தப்பாவோ கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே வந்துவிடுகிறார். இங்கே தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் வெளியேறவும், வீரர்கள் உள்ளே போய்த் தேடவும் எவ்வளவு நேரம் வேண்டும், அவ்வளவு நேரமும் தூண்களும் உத்தரங்களும் தாங்கி நிற்குமா என்பதுதான் அவர் தொழில் முழுவதும் கேட்டுவந்த கேள்வி. கட்டடத்தின் உயரத்தையும் பயன்பாட்டையும் பொறுத்து ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று விதிநூல் ஒரு வரம்பைச் சொல்கிறது. அந்த நேரத்தை ஒவ்வொரு இரும்புக்கும் பொருத்திப் பார்த்து, எதற்குப் பூச்சு, எதற்குப் பலகை, எதற்குக் கான்கிரீட் உறை, எவ்வளவு கனம் என்று கணக்கிடுவதும், பிறகு வேலை நடக்கும் இடத்துக்கே போய் அது அப்படியே செய்யப்பட்டிருக்கிறதா என்று சரிபார்ப்பதும் அவருடைய பொறுப்பு.

இந்தச் சரிபார்ப்பை ஒருமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ராணிப்பேட்டைப் பக்கம், கட்டி முடியும் நிலையில் இருந்த ஒரு தொழிற்கூடத்தில், ஒரு பொறியாளர் ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு, பூச்சின் தடிமனை அளக்கும், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கனமானி ஒன்றை உத்தரத்தின் மேல் அழுத்தி அழுத்தி எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்; கீழே ஒரு பையன் எழுதிக்கொண்டிருந்தான். நடுப்பகுதியில் எல்லாம் சரியாக இருந்தது. அவர் அதோடு விடாமல் விளிம்புகளிலும், போல்ட்டுகளைச் சுற்றியும், சுவரோடு ஒட்டியிருந்த பின்பக்கத்திலும் கையை நுழைத்து அளந்தார். ஈரப்பூச்சு கூரான விளிம்பில் நிற்காமல் இரு பக்கமும் விலகிவிடும் என்பதால் அங்கேதான் கனம் குறையும் என்று பிறகு எனக்கு விளக்கினார். குறைந்த இடங்களிலெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டார். மதியத்துக்குள் அந்த ஒரே உத்தரத்தில் பதினேழு வட்டங்கள் விழுந்திருந்தன. "இதெல்லாம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மறைந்துவிடும் சார்" என்று மேஸ்திரி சொன்னதற்கு, "மூடிய பிறகு என்னாலும் பார்க்க முடியாது, அதனால்தான் இன்றைக்குப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த போல்ட்டுக்கு நகர்ந்தார்.

உங்கள் சித்தப்பாவிடமும் இப்படிப்பட்ட பகல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆகவே "எளிமையின் சிகரம்", "ஓயாத உழைப்பாளி" என்ற வாழ்த்துரைகளை இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, அவரோடு வேலை செய்த பூச்சு வேலைக்காரர், பற்றவைப்பவர், வரைபடம் போட்டவர் ஆகியோரிடம் ஆளுக்கு ஒரு நாளைப் பற்றி எழுதி வாங்குங்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்த சான்றிதழ் ஏதேனும் இருந்தால், யார் பெயரையும் சொல்லாமல் அந்த நிகழ்ச்சியைக் கட்டாயம் சேருங்கள். ஒரு பேராசிரியர் ஓய்வு பெறும்போது அவருடைய மாணவர்களும் சகாக்களும் அதே துறையில் புதிய கட்டுரைகள் எழுதித் தொகுதியாக்கி அவருக்குக் காணிக்கையாக்குவது ஆராய்ச்சி உலகில் நெடுநாள் வழக்கம். தமிழறிஞர்களுக்கு வந்த மணிவிழா மலர்களில் சிறந்தவையும் அந்த வகைதான். அவரிடம் வேலை பழகிய இளைஞர்கள் இரண்டு மூன்று பேர் அப்படி எழுத முன்வந்தால் மலர் விழாவுக்குப் பிறகும் பயன்படும்.

கேள்வி: கும்பகோணத்தில் பள்ளி எரிந்ததற்குப் பிறகு எங்கும் ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டு இரும்புக் கம்பத்தில் தகரம் போட்டார்கள். ஓலை எரியும், மரம் எரியும், இரும்பு எரியாதே. அதற்கு எதற்குத் தனியாகப் பாதுகாப்பு? - குடியாத்தம் வாசகர்

பதில்: 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு ஓலைக் கூரைகளை அகற்றியது மிகச் சரியான முடிவு. ஆனால் எரியாத பொருள் தீயில் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இரும்பு எரிவதில்லை, உருகுவதற்கும் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும், சாதாரணக் கட்டடத் தீ அவ்வளவு சூடாவதில்லை. ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே இரும்பு இளகிவிடும்.

இதை உங்கள் ஊர்க் கொல்லுப் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். உலையிலிருந்து எடுத்த இரும்பு கருப்பாக இருக்கும் வரை சம்மட்டிக்கு எளிதில் அசையாது. செக்கச் சிவந்ததும் சொன்னபடி கேட்கும். எஃகுக் கட்டடங்களுக்கான நம் இந்தியத் தரநூலான ஐ.எஸ். 800-இன் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் 16-ஆம் பிரிவு முழுவதும் தீயைப் பற்றியது. அதில் உள்ள சூத்திரப்படி 215 டிகிரி வரை எஃகின் வலிமை குறைவதில்லை. 560 டிகிரியில் பாதிதான் மிஞ்சுகிறது. 700 டிகிரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இருட்டறையில் வைத்தால் இரும்பு மங்கலாகச் சிவக்கத் தொடங்குகிற சூடும் ஏறக்குறைய அந்த 560-ஐ ஒட்டியதுதான். கொல்லருக்கு வேலை தொடங்கும் அந்தக் கட்டத்தில் கட்டடத்தின் பலம் பாதியாகிவிட்டிருக்கும். சோதனை உலைகளில் உலகெங்கும் பின்பற்றப்படும் தீயின் வெப்பக்கோடு 5 நிமிடத்தில் 576 டிகிரியையும் அரை மணியில் 842 டிகிரியையும் தொடுகிறது என்றால், காப்பில்லாத மெல்லிய இரும்புக்குக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு சிறியது என்று புரியும்.

இளகுவது ஒரு பக்கம், நீளுவது இன்னொரு பக்கம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்த தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. வரட்டியை வட்டமாக அடுக்கி, நடுவே இரும்புப் பட்டையை வைத்துப் பழுக்கக் காய்ச்சி, விரிந்த பட்டையைக் குறட்டால் தூக்கி மரச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். 10 மீட்டர் உத்தரம் ஒன்று 500 டிகிரி சூடேறினால் ஆறு ஏழு சென்டிமீட்டர், அதாவது நான்கு விரற்கடை அளவுக்கு நீளும். நீள இடமில்லாவிட்டால் தூணையோ சுவரையோ தள்ளும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் விமானம் மோதாத ஏழாம் எண் கட்டடம் மாலையில் விழுந்ததற்கு, சூட்டில் நீண்ட உத்தரங்கள் ஒரு பெரிய உத்தரத்தை அதன் தாங்கலிலிருந்து தள்ளிவிட்டு, ஒரு முக்கியத் தூணின் பிடிமானத்தைப் போக்கியதே தொடக்கம் என்று அமெரிக்க அரசின் தர நிறுவனம் தன் ஆய்வில் முடிவு சொன்னது.

எல்லா இரும்பும் ஒரே வேகத்தில் சூடேறுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கனமான தோசைக்கல் காய நேரமாகும், மெல்லிய தகரம் உடனே காய்ந்துவிடும். பொறியாளர் இதையே, தீ படும் சுற்றளவைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்து ஓர் எண்ணாக எழுதுகிறார். அந்த எண் பெரிதாக இருந்தால் பூச்சும் கனமாக வேண்டும். அந்தப் பூச்சைப் பார்த்தால் சாதாரண பெயின்ட் போலத்தான் இருக்கும். இருநூறு டிகிரியைக் கடந்ததும் எண்ணெயில் போட்ட அப்பளம் போலப் பொங்கி, தன் கனத்தைப் போலப் பல மடங்கு தடித்த கரிநுரையாகி இரும்பைப் போர்த்திக்கொள்ளும்.

கேள்வி: கணக்கெல்லாம் சரி. உண்மையான கட்டடம் ஒன்றை எரித்துப் பார்த்தவர்கள் உண்டா? இத்துறையில் பெயர் பெற்ற பொறியாளர்கள் யார்? - ஆற்காடு வாசகர்

பதில்: உண்டு, அதற்கு வழிவிட்டதே ஒரு விபத்துதான். 1990 ஜூன் 23 அன்று லண்டன் பிராட்கேட் பகுதியில் கட்டுமானத்தில் இருந்த 14 மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்து நாலரை மணி நேரம் எரிந்தது. இரும்புக்கான காப்பு வேலை முடிந்திருக்கவில்லை, தண்ணீர்த் தெளிப்பான்களும் இயங்கும் நிலையில் இல்லை. சில தூண்கள் நசுங்கி சுமார் 100 மில்லிமீட்டர் குட்டையாகின, உத்தரங்கள் தொய்ந்தன, ஆனால் கட்டடம் விழவில்லை. தனித்தனி இரும்பாக எடுத்து உலையில் வைத்துச் சோதித்தவர்களுக்கு இது புதிராக இருந்தது. ஆகவே இங்கிலாந்தின் கார்டிங்டன் என்ற ஊரில், வான்கப்பல் நிறுத்துவதற்காகக் கட்டிய மாபெரும் கூடத்துக்குள்ளேயே எட்டு மாடி எஃகுக் கட்டடம் ஒன்றை எழுப்பி, 1995, 96-இல் அதற்குள் தீ வைத்துப் பார்த்தார்கள். காப்பில்லாத உத்தரங்கள் ஆயிரம் டிகிரியைக் கடந்து, தளம் அரை மீட்டருக்கும் மேல் தொய்ந்தும் அது இடியவில்லை.

காரணம் நம் வீட்டுத் தூளியில் இருக்கிறது. உத்தரம் பலமிழந்த பிறகு, அதன் மேலிருக்கும் கான்கிரீட் தளம் உள்ளிருக்கும் கம்பிவலையின் பலத்தில் தூளிச் சேலை போலத் தொங்கிச் சுமையைத் தாங்குகிறது. இந்தத் தாங்குதிறனைப் பொறியாளர்கள் மேசையில் பயன்படுத்தும் கணக்குமுறையாக்கியதில் காலின் பெய்லி என்ற பொறியாளரின் பங்கு பெரியது. அவருடைய முறையால் தளத்தின் உள்பக்கத்துச் சில உத்தரங்களைக் காப்பில்லாமலே விட முடிகிறது. ஆனால் தூளி கட்டியிருக்கும் விட்டம் போனால் தூளியும் போய்விடும். கார்டிங்டனிலேயே ஒரு சோதனையில் தூண்களின் மேற்பகுதியைக் காப்பில்லாமல் விட்டபோது அவை சுமார் 180 மில்லிமீட்டர் நசுங்கின. அதன்பின் தூண்களுக்கு முழு உயரமும் காப்பிட்டார்கள். 2005 பிப்ரவரியில் மாட்ரிட் நகரின் வின்ட்சர் கோபுரம் எரிந்தபோதும் அதையேதான் கண்டோம். காப்பு வேலை எட்டாத மேல்மாடிகளின் வெளிச்சுற்று எஃகுத் தூண்கள் சரிந்தன. காப்பிடப்பட்டிருந்த கீழ்மாடிகள் நின்றன.

நான் பெரிதும் மதிக்கும் இன்னொருவர் மார்கரெட் லா. 1950-களில் பிரிட்டனின் தீ ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, பிறகு அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தில் தீப் பொறியியலை வளர்த்தவர். ஜன்னல் வழியாக வெளியே பாயும் தீ எவ்வளவு உயரம் எழும், கட்டடத்துக்கு வெளியே நிற்கும் தூணில் எவ்வளவு வெப்பம் விழும் என்று கணக்கிடும் வழியை வகுத்தவர். தூணைத் தீயிலிருந்து தகுந்த தூரத்தில் நிறுத்தினால் பூச்சே இல்லாமலும் அது பிழைக்கும் என்று கணக்கால் காட்ட முடிந்தது. 2017-இல் மறைந்தார். விதிநூலில் எழுதியிருப்பதை அப்படியே ஒப்பிக்காமல், தீ என்ன செய்யும் என்று முதலில் கேட்கும் பழக்கத்தை இத்துறைக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முன்னணியில் இருக்கிறார்.

கேள்வி: தோல் பொருள்களுக்கான இரும்பு ஷெட் ஒன்று கட்டுகிறேன். ஒரே தளம்தான். தீக்காப்புப் பூச்சு தேவையா, அல்லது வீண் செலவா? - ராணிப்பேட்டை வாசகர்

பதில்: நேரில் பார்க்காமல் தேவையில்லை என்று எழுத என் மனம் ஒப்பாது. தோலைவிட, காலணித் தொழிலில் பயன்படும் சொல்யூஷன், தின்னர், நுரை ரப்பர் ஆகியவைதான் வேகமாகப் பற்றுபவை. அவற்றைத் தனி அறையில், தீ தாண்டாத சுவருக்குள் வையுங்கள். ஷெட் தீயில் மேல்சட்டகம் முதலில் சூட்டில் நீண்டு தூண்களை வெளியே தள்ளும், பிறகு தொய்ந்து அவற்றை உள்ளே இழுக்கும். பக்கத்து மனையை ஒட்டிய சுவர் அண்டை வீட்டார் மேல் விழாதிருக்க, அந்த வரிசைத் தூண்களின் காப்பையும் அடித்தளப் பிடிப்பையும் கணக்கிட்டுத் தரும்படி பொறியாளரிடம் கேளுங்கள். தோல் பதனிடும் இடங்களின் ஈரமும் ரசாயனமும் சாதாரணக் காப்புப் பூச்சைக் கெடுத்துவிடும் என்பதால், அந்தச் சூழலுக்கு ஏற்ற வகைதானா, மேற்பூச்சு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பூச்சு முடிந்த பிறகு யாராவது அதைச் சுரண்டி, குழாய்க்கு கிளாம்ப் பற்றவைத்தால் அன்றைக்கே அந்த இடத்தில் காப்புப் பூச்சை மீண்டும் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: முதல் கேள்வியோடு சேர்த்து ஒன்று: விழாவை எந்த நாளில் வைக்கலாம், சால்வையைத் தவிர என்ன செய்யலாம்? - காட்பாடி வாசகி

பதில்: ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அனுசரிக்கப்படுவது. சித்திரை பிறக்கும் வாரமும் அதுவே. அந்த வாரத்தில் வையுங்கள். வேலூரிலோ காட்பாடியிலோ உள்ள தீயணைப்பு நிலையத்தில் சொல்லி, பணியில் இருக்கும் வீரர்கள் சிலரை அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர் கணக்கிட்ட நிமிடங்களை நம்பித்தான் அவர்கள் எரியும் கட்டடத்துக்குள் நுழைகிறார்கள். இரு தரப்பும் ஒருவரையொருவர் சந்திக்கும் வாய்ப்பு அரிது. சால்வையை அவர்களில் ஒருவர் கையால் போடச் செய்யுங்கள். மண்டபத்தின் பின்பக்கக் கதவுக்கு முன்னால் நாற்காலி அடுக்காமல், பூட்டையும் எடுத்து வையுங்கள். உங்கள் சித்தப்பா மேடை ஏறுவதற்கு முன் அதைத்தான் பார்ப்பார்.