எண்ணும் எழுத்தும் கலந்த நெடுவரிசை

கேள்வி: எங்கள் மளிகைக் கடையின் கடன் கணக்கை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறோம். ஆயிரம் ரூபாய்க்கு மேல் பாக்கி உள்ளவர்களை எடுக்க ‘நிலுவை > 1000’ என்று நிபந்தனை கொடுத்தால், ‘850/-’ என்று பதிந்த வாடிக்கையாளரும் ‘அண்ணனிடம் கேட்கவும்’ என்ற பதிவும் சேர்ந்து வருகின்றன. நெடுவரிசையை இன்டீஜர் (முழு எண்) என்றுதான் அறிவித்திருக்கிறோம். இது மென்பொருளின் பிழையா?

பதில்: பிழையன்று. மற்ற பல தரவுத்தளங்கள் இன்டீஜர் நெடுவரிசையில் ‘850/-’ என்பதை ஏற்கவே மறுத்துவிடும். எஸ்கியூலைட்டோ, எண்ணாக மாற்ற முடிந்தால் மாற்றும், முடியாவிட்டால் வந்தபடியே எழுத்தாகச் சேமித்துக்கொள்ளும். அதை உருவாக்கியவர்கள் இதை நெகிழ்வு என்கிறார்கள். பணக் கணக்கில் அந்த நெகிழ்வு வேண்டாம் என்பது என் கருத்து.

ஒப்பிடும்போது அது முதலில் வகையைத்தான் பார்க்கிறது. எந்த எண்ணும், அது கோடியாகவே இருந்தாலும், எந்த எழுத்துத் தொடரையும்விடச் சிறியது என்பது அதன் விதி என்பதால், ‘850/-’ ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது.

இந்த விதியையே வடிகட்டியாகவும் பயன்படுத்தலாம். எழுத்துத் தொடர்களில் மிகச் சிறியது ஓர் எழுத்தும் இல்லாத வெற்றுத் தொடர்; ஆகவே ‘நிலுவை >= ''’ என்று கேட்டால் எண்கள் அனைத்தும் விலகி, எழுத்தாகப் பதிந்தவை மட்டும் வரும் (படம் போன்ற இருமத் தரவு இருந்தால் அதுவும் வரும்; கடைக் கணக்கில் அதற்கு வாய்ப்பில்லை). ‘நிலுவை > 1000’ என்பதோடு ‘நிலுவை < ''’ என்பதையும் ‘ஆண்ட்’ கொண்டு இணைத்தால் உண்மையான பாக்கிதாரர்கள் கிடைப்பார்கள். வகையின் பெயரையே சொல்லும் டைப்ஆஃப் என்ற செயற்கூறும் உண்டு. ஆறு மாதம் கழித்து வேறொருவர் படித்தாலும் விளங்கும் என்பதால், நிரந்தர நிரலில் எழுத அதுவே தெளிவானது. தொகை நிரப்பாமல் விட்ட, ‘நல்’ (NULL, அதாவது மதிப்பே இல்லாத) பதிவுகள் இத்தகைய எந்த ஒப்பீட்டிலும் சிக்கா. அவற்றை ‘இஸ் நல்’ என்று தனியே கேட்க வேண்டும்.

எழுத்துப் பதிவுகளில் உள்ள ‘/-’ குறியை ரீப்ளேஸ் செயற்கூற்றால் நீக்கி மீண்டும் பதிந்தால், நெடுவரிசை இன்டீஜராக இருப்பதால் 850 தானாக எண்ணாகிவிடும். ‘அண்ணனிடம் கேட்கவும்’ என்பதற்கு மட்டும் அண்ணனிடம்தான் கேட்க வேண்டும். இனி இவ்வாறு நேராமலிருக்க, 2021 நவம்பரில் வந்த 3.37 பதிப்பு முதல் கிடைக்கும், அறிவித்த வகைக்குப் பொருந்தாத தரவை ஏற்க மறுக்கும் ஸ்ட்ரிக்ட் அட்டவணையைப் பயன்படுத்துங்கள். பழைய அட்டவணையை அப்படியே ஸ்ட்ரிக்ட் ஆக்க இயலாது. புதிதாக ஒன்றை உருவாக்கித் தரவை அதற்கு மாற்றும்போது, எண்ணாக மாறாத ஒரு பதிவு எஞ்சியிருந்தாலும் அந்தக் கட்டளை பிழை காட்டி நின்றுவிடும் என்பதால், துப்புரவை முதலில் முடித்துவிடுங்கள்.