கோழிகள் மாலையில் தாமாகவே கூண்டில் அடைய எப்படிப் பழக்குவது? புதிதாக வளர்ப்பவர் தினமும் கவனிக்க வேண்டியவை என்ன?

வீட்டின் பின்புறம் ஏழெட்டு நாட்டுக்கோழிகளை வாங்கி விட்டிருப்பதாகவும், பொழுது சாயும் நேரத்தில் அவற்றைத் துரத்திப் பிடித்து அடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பதினோரு ஆண்டுகளாகக் கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் கோழி வளர்த்து வருகிறேன். உங்கள் கேள்வியைப் படித்தவுடன் என்னுடைய முதல் மாதம்தான் நினைவுக்கு வந்தது.

சந்தையில் ஆறு விடைக்கோழிகளை (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகளை) வாங்கி வந்த அன்றே, கால்கட்டை அவிழ்த்துத் தோட்டத்தில் விட்டுவிட்டேன். புதிய கூண்டு தயாராக இருந்தது. இருட்டினால் உள்ளே போய்விடும் என்று நம்பினேன். அவை ஆறும் முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டன. நான் கழியால் தட்டத் தட்ட இன்னும் மேல்கிளைக்குப் போயின. விடிந்து பார்த்தபோது நான்குதான் இருந்தன. மரத்தடியில் ஒரு கைப்பிடி இறகும், வேலியோரம் இழுத்துச் சென்ற தடமும் கிடந்தன. மரநாயோ வெருகோ, எதுவென்று கடைசிவரை தெரியவில்லை. அந்தக் கோழிகள் செய்ததில் தவறே இல்லை. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. எனவே வெளிச்சம் மங்கத் தொடங்கியதும், தனக்குத் தெரிந்த இடங்களிலேயே உயரமான ஓரிடத்தைத் தேடி அது அடைந்துவிடும். என் கூண்டை அவற்றுக்குத் தெரியாது, மரத்தைத் தெரிந்தது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது: கோழியை நாம் அடைப்பதில்லை, அது அடைகிறது. அடைவதற்கேற்ற இடம் இதுதான் என்று அதை நம்ப வைப்பது மட்டுமே நம் வேலை.

அதற்கு முதல் படி, ஒரு வாரம் முழுவதும் கோழிகளை வெளியே விடாமல் கூண்டிலேயே வைத்திருப்பது. பாவமாகத்தான் இருக்கும், ஆனால் இந்த ஏழு நாட்களில் இரக்கப்பட்டுக் கதவைத் திறந்தால், பிறகு பல மாதங்கள் அவற்றின் பின்னால் ஓட வேண்டியிருக்கும். வளர்ந்த கோழிகளாக இருந்து, முன்பு வேறு வீட்டில் மரத்தில் அடைந்து பழகியவையாகவும் இருந்தால், பத்து நாட்கள் வைப்பது நல்லது. தீவனமும் தண்ணீரும் உள்ளேயே இருக்கட்டும். தீவனம் வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஒலி கொடுங்கள். நான் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் இரண்டு பிடி கம்பைப் போட்டுக் குலுக்கிக்கொண்டே ‘பா பா பா’ என்று அழைப்பேன். நான்காம் நாளிலேயே டப்பாச் சத்தத்துக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு கம்பியருகே வந்து நிற்கும்.

எட்டாம் நாள் காலையில் திறந்துவிடாதீர்கள். பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, அன்று பிற்பகலில் தீவனம் எதுவும் கொடுக்காமல் பசியோடு இருக்கையில் கதவைத் திறங்கள். புதிய இடத்தில் அதிகத் தூரம் போகாமல் கூண்டைச் சுற்றியே கிளறிக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் கழித்து டப்பாவைக் குலுக்கி, அன்றைய தீவனத்தைக் கூண்டுக்குள்ளே மட்டும் வையுங்கள். ஒன்றிரண்டு உடனே நுழையும்; மற்றவை அவற்றைப் பார்த்து நுழையும். கடைசியாக நிற்பதைக் கைநீட்டிப் பிடிக்கப் போகாதீர்கள். நாம் விலகி நின்றாலே வந்துவிடும். மறுநாள் அரை மணி நேரம் முன்னதாகவும், அதற்கடுத்த நாள் இன்னும் சற்று முன்னதாகவும் திறந்து, இரண்டு மூன்று வாரங்களில் பகல் முழுவதும் மேயவிடும் நிலைக்கு வந்துவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் பிடிவாதமாக மரத்துக்குப் போகும் கோழி ஒன்று இருக்கத்தான் செய்யும். வெளிச்சம் இருக்கும்வரை அதை விட்டுவிடுங்கள். நன்றாக இருட்டிய பிறகு சிறிய விளக்கோடு போய், இரண்டு கைகளாலும் இறக்கைகளோடு சேர்த்து அணைத்துத் தூக்கினால் அது எதிர்க்காது. அப்படியே கூண்டுக்குள் உட்காரும் சட்டத்தில் வைத்துவிட்டால், காலையில் கூண்டுக்குள்தான் கண் விழிக்கும். தொடர்ந்து நான்கைந்து இரவுகள் ஒன்றுவிடாமல் செய்தால் பெரும்பாலான கோழிகள் மாறிவிடும்.

கூண்டே சரியில்லையென்றால் எந்தப் பழக்கமும் நிற்காது என்பதால் அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு தங்குவதற்கு ஒரு கோழிக்கு 2 சதுர அடி போதும். நீளவாக்கில் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே அடிக்காது. தரையில் நான்கு அங்குல உயரத்துக்கு உமியோ தேங்காய் நார்த்தூளோ பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி நனைந்து கட்டியானதை மட்டும் உடனுக்குடன் அள்ளிவிடுங்கள். உட்காருவதற்கு இரண்டடி உயரத்தில், கோழிக்கு 8 அங்குலம் என்ற கணக்கில், விளிம்பு மழுங்கிய மரச்சட்டம் வேண்டும். முட்டையிடும் பெட்டி அதைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் கோழிகள் அதிலேயே அடைந்து, இரவெல்லாம் எச்சமிட்டு அசிங்கப்படுத்திவிடும். கடைகளில் கிடைக்கும் மெல்லிய அறுகோண வலை கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ் போட்டு, அடிப்பகுதியை ஓரடி ஆழம் மண்ணுக்குள் புதைத்துவிட்டால் கீரி தோண்டி நுழையாது. மேல்பகுதியில் காற்று போக வழி இருக்க வேண்டும். சிலர் குளிருக்குப் பயந்து நாற்புறமும் சாக்கைக் கட்டிவிடுகிறார்கள். எச்சத்திலிருந்து வரும் நெடி உள்ளேயே தங்கி, கோழிக்கு மூச்சுக் கோளாறு வருவது அதனால்தான்.

ஒழுங்காக அடைந்துகொண்டிருந்த கோழிகள் திடீரென்று மறுத்தால், அதைப் பிடிவாதம் என்று எண்ணாமல் காரணம் தேடுங்கள். எட்டு மாதம் ஒரு நாள் தவறாமல் அடைந்த என் கோழிகள், ஒரு சித்திரை மாத மாலையில் ஏணிப் படியில் வரிசையாக நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்த்துத் திரும்பின. பாம்பு இருக்கிறதோ என்று உமியையெல்லாம் கிளறிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இரவில் சட்டத்தின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தபோது துணி முழுவதும் சிவப்புக் கீறல்கள். செள்ளுப்பூச்சி பகலில் மர இடுக்குகளில் ஒளிந்திருந்து, இரவில் கோழியின் காலில் ஏறி இரத்தம் குடித்திருக்கிறது. சட்டங்களைக் கழற்றிக் கொதிநீரில் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, கூண்டின் இடுக்குகளிலெல்லாம் சுண்ணாம்புப் பால் அடித்து, உமியை முழுவதும் மாற்றிய பிறகே அவை மீண்டும் ஏறின. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை வெள்ளைத் துணிச் சோதனையை விட்டதில்லை. கூண்டுக்குள் வெளியைவிட மிகவும் இருட்டாக இருந்தாலும் நுழையத் தயங்கும். அந்தி நேரத்தில் உள்ளே ஒரு சிறிய விளக்கை எரியவிட்டு, எல்லாம் ஏறி அமர்ந்த பின் அணைத்துவிடலாம்.

தினசரிப் பராமரிப்பில் பெரும்பகுதி இந்த அடையும் நேரத்திலேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். கதவைச் சாத்துவதற்கு முன் எண்ணுங்கள். எண்ணும்போதே ஒவ்வொன்றையும் பாருங்கள்: கழுத்துக்குக் கீழே உள்ள தீனிப்பை மாலையில் பந்துபோல் நிறைந்திருக்க வேண்டும், காலையில் வற்றியிருக்க வேண்டும். மாலையில் வெறுமையாக இருந்தால் அந்தக் கோழியை மற்றவை விரட்டுகின்றன, அல்லது அதற்கு உடம்பு சரியில்லை. காலையிலும் கல்போல் நிறைந்திருந்தால் செரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இறகைச் சிலிர்த்து ஒதுங்கி நிற்பதை அன்றே தனியாகப் பிரித்து ஒரு கொடாப்பில் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை; தெற்கே பஞ்சாரம் என்பார்கள்) கவிழ்த்துவிடுங்கள். காலையில் சட்டத்தின் கீழுள்ள எச்சத்தைப் பார்ப்பதும் அதே அளவு முக்கியம். பழுப்பும் அதன் மேல் வெண்மையுமாகக் கெட்டியாக இருப்பது நலம். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர்போல் இருந்து, கோழி தலை சாய்ந்து சோர்ந்திருந்தால் வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம்.

புதியவர்கள் பெரும்பாலோர் தோற்றுப்போவது இந்த ராணிக்கெட் என்னும் வெள்ளைக் கழிச்சலால்தான். வந்துவிட்டால் மருந்து கிடையாது. வராமல் தடுக்க மட்டுமே முடியும். குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு தடுப்பு மருந்து, நான்காம் வாரத்தில் மீண்டும் ஒரு முறை, 8ஆம் வாரம் இறக்கையின் தோலுக்கடியில் அரை மில்லி ஊசி. இடையில் அம்மைத் தடுப்பூசி. உங்கள் பகுதிக்கான சரியான அட்டவணையைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு எழுதி, கூண்டின் கதவிலேயே ஒட்டிவிடுங்கள். குப்பியில் பெரும்பாலும் 100 கோழிகளுக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எனவே அக்கம்பக்கத்தில் வளர்ப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போடுவதே புத்திசாலித்தனம்; பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கும் போட்டால் நோய் பரவும் வாய்ப்பும் குறையும். புதிதாக வாங்கும் கோழியை மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பின்னரே கூட்டத்தோடு சேருங்கள். ஒரே நேரத்தில் பல கோழிகள் இறந்தால் அவற்றை அறுத்துச் சமைக்கவோ யாருக்கும் கொடுக்கவோ கூடாது. உடனே மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள்.

தீவனத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வளர்ந்த கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் தேவை. நன்றாக மேய இடமிருந்தால் அதில் பாதியை அது தேடிக்கொள்ளும். மீதியில் பெரும்பங்கை மாலைக்கு வையுங்கள். காலையில் வயிறு முட்டக் கொடுத்தால் மேயவும் போகாது, மாலையில் அழைத்தால் வரவும் செய்யாது. வெறும் சோற்றை மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். பூஞ்சணம் பிடித்த தானியத்தை, கோழிதானே என்று கொட்டவே கூடாது. முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளோ, நன்கு உலர்த்திப் பொடித்த முட்டை ஓடோ தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும். குஞ்சுகளுக்கு என் அம்மாயி செய்ததையே நானும் செய்கிறேன்: பழைய பானைக்குள் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு எல்லாவற்றையும் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் கரையான் உள்ள இடத்தில் கவிழ்த்துவிட்டால் விடியும்போது பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். அதைத் தட்டிக் கொட்டும்போது குஞ்சுகள் ஓடிவருகிற வேகத்தைப் பார்க்க வேண்டும்! தண்ணீர் ஒரு கோழிக்குக் கால் லிட்டர், கோடையில் அதைப்போல் இரு மடங்கு. மண்சட்டியில், நிழலில், தினமும் கழுவி வையுங்கள். குஞ்சுகளின் சட்டியில் கூழாங்கற்களைப் போட்டுவிட்டால் விழுந்து மூழ்காது.

முட்டையையும் கூண்டிலேயே இடப் பழக்கலாம். விடைக்கோழிகள் முட்டையிடுமுன் கேறத் (குரல் எழுப்பத்) தொடங்கும் பருவத்தில், காலை பத்து மணி வரை வெளியே விடாமல் வைத்து, வைக்கோல் போட்ட பெட்டியில் ஒரு மரமுட்டையோ உருண்டை வெள்ளைக் கல்லோ வையுங்கள். நாட்டுக்கோழி புதரில் கள்ளத்தனமாக ஓரிடத்தைப் பிடித்துவிட்டால் அங்கேயே 12, 15 முட்டை வரை இட்டு அடை உட்கார்ந்துவிடும். இரவில் அதைத் தேடி வருவது நாமாக இருக்காது. அடை வைப்பதென்றால் தனி இடத்தில் வைத்து, 21 நாளும் அதன் எதிரிலேயே தீவனமும் தண்ணீரும் கிடைக்கச் செய்யுங்கள். தாயோடு வளரும் குஞ்சுகளுக்கு நாம் கூண்டுப் பயிற்சியே கொடுக்க வேண்டியதில்லை. தாய் எங்கே அடைகிறதோ அங்கேதான் அவையும் அடையும். அதனால்தான், கூண்டுக்குப் பழகிய ஒரு தாய்க்கோழியைக் குஞ்சுகளோடு வாங்கித் தொடங்குவதே புதியவருக்கு நல்ல வழி என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

ஒரே ஒரு ஏற்பாட்டை மட்டும் இப்போதே செய்துவிடுங்கள். வீட்டில் இன்னொருவரையோ பக்கத்து வீட்டில் ஒருவரையோ, வாரத்தில் இரண்டு மாலை அதே டப்பாவைக் குலுக்கி அதே சொல்லால் அழைத்து அடைக்கச் செய்யுங்கள். நாங்கள் ஒரு திருமணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போனபோது, பக்கத்துத் தோட்டத்து அக்கா டப்பாவைக் குலுக்கியதும் பதினான்கு கோழிகளும் உள்ளே போய்விட்டதாகத் தொலைபேசியில் எண்ணிச் சொன்னார்.