பெட்டி வாங்காமல் போங்கள், தம்பி

டார்ட்மண்டுக்கு முதுகலை படிக்க வந்திருக்கிறீர்கள். கூடப் படிக்கிற ஜெர்மன் பையன்கள் வாராவாரம் நடக்கும் போர்டு கேம் மாலைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா, டிராகனும் மந்திரவாதியும் வருகிற பெரிய ஃபேண்டஸி ஆட்டப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனால் மதிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எந்த வங்கி, எந்த சிம், எந்த ஜாக்கெட், பொன்னி அரிசி எங்கே கிடைக்கும் என்று ஒரு பட்டியல். பட்டியலுக்குப் பதில் சொல்ல நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன, இராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேட்டாலும் பத்துப் பேர் பதில் போடுவார்கள். அண்ணா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், நான் ஆட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போங்கள், கட்டாயம் போங்கள். பெட்டி மட்டும் வாங்காதீர்கள். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைத்த பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது என்றால், அறை வாடகையும் மருத்துவக் காப்பீடும் போன பிறகு கையில் என்ன நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் பெயர் சொல்லிக் கேட்ட ஃபேண்டஸி ஆட்டம் குளூம்ஹேவன் 2017 இல் வந்தது. பெட்டி சுமார் பத்து கிலோ. உள்ளே 95 அத்தியாயங்கள். ஒரு மாலைக்கு ஒன்று முடியும், தோற்றால் அதையே திரும்ப ஆட வேண்டும். அதே மூன்று நான்கு பேர் வருடக்கணக்கில் விடாமல் வந்தால்தான் அந்தக் கதை நகரும். இன்னும் யார் பெயரும் சரியாகத் தெரியாத ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வது? ஆசை விடவில்லையென்றால் 2020 இல் வந்த சின்னப் பதிப்பு இருக்கிறது, ஜாஸ் ஆஃப் தி லயன். 25 அத்தியாயம், நான்கு பாத்திரம், ஆடிக்கொண்டே விதிகளைக் கற்றுக்கொள்ளலாம். அதையும் உடனே வாங்க வேண்டாம். இங்கே பல நகர நூலகங்களில் புத்தகம் மாதிரியே போர்டு கேமும் இரவல் தருகிறார்கள். முதலில் அங்கே கேளுங்கள்.

பெட்டியை விட ஆபத்தானது கிரௌட்ஃபண்டிங், அதாவது ஆட்டம் தயாராகும் முன்பே இணையத்தில் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பது. படத்தில் பொம்மைகளைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். குளூம்ஹேவனுக்கு அடுத்து வந்த ஃப்ராஸ்ட்ஹேவனுக்கு 2020 இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற அப்படிப்பட்ட தளத்தில் கிட்டத்தட்ட 1.3 கோடி டாலர் சேர்ந்தது. பெட்டி கைக்கு வரத் தொடங்கியபோது 2022 முடியப் போனது. முதுகலை படிக்க வந்தவர் அதற்குள் படிப்பை முடித்து, வேலை தேடி, வேறு ஊருக்கே மாறியிருப்பார், பெட்டி பழைய முகவரிக்கு வரும். வரியும் உண்டு. 2021 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற பொருள் எவ்வளவு மலிவானாலும் வாட் வரி கட்ட வேண்டும். ஜெர்மனியில் 19 சதவீதம், அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். சுங்கத் தீர்வைக் கணக்கையும் பார்ப்பார்கள். சரியான ரசீது இல்லையென்றால் அதைத் தேடி எடுத்துக்கொண்டு சுங்க அலுவலகத்துக்கு நீங்கள்தான் நடக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் மாதாமாதம் ஒரு புது ஆட்டத்துக்குப் பணம் கட்டுகிற ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் வீட்டு அலமாரியில் பாதிப் பெட்டிகளுக்கு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அதில் நம் ஐடி தம்பதிகளும் உண்டு. அலமாரிக்கு முன்னால் நின்று எடுத்த படம் இருக்கும், ஆடிய படம் இருக்காது.

சரி, போகிற அன்றைக்கு என்ன செய்வது? ஏழு மணி என்றால் ஏழு மணி. ஐந்து பேர் ஆட்டத்தை எடுத்து வைத்துவிட்டு நான்கு பேர் காத்திருப்பது இவர்களுக்கு மிகவும் வலிக்கிற விஷயம். விதிகளை விளக்க அரை மணி நேரம் எடுப்பார்கள், பெரிய ஆட்டமென்றால் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் போனைத் தொடாதீர்கள். புரியாததற்குத் தலையாட்டாதீர்கள், இது நம் பழக்கம், கல்லூரியில் வாத்தியாரிடம் பழகியது. புரியவில்லை என்று இரண்டாம் தடவை கேட்டால் இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. கேட்காமல் தலையாட்டிவிட்டு பாதி ஆட்டத்தில் விழித்தால் சுளிப்பார்கள்.

சாப்பிட ஏதாவது கொண்டுபோங்கள். முறுக்கு கொண்டுபோனால் காலியாகும், ஆனால் எண்ணெய்க் கையோடு கார்டைத் தொட்டீர்களோ தொலைந்தீர்கள். சிப்ஸைச் சாப்ஸ்டிக்கில் எடுத்துச் சாப்பிடுகிறவர்களை அங்கே பார்ப்பீர்கள், சிரிக்காதீர்கள், அந்தக் கார்டுகளுக்கு முப்பது நாற்பது வயது இருக்கலாம். சைவமென்றால் மேஜையில் கிண்ணம் கிண்ணமாக இருக்கும் கம்மி மிட்டாயின் உறையைப் படித்துவிட்டு எடுங்கள், ஜெலட்டின் இருக்கும். பத்து மணிக்கு மேல் பகடையை மர மேஜையில் உருட்டாதீர்கள். கீழ் வீட்டுக்காரருக்குத் தூக்க நேரம். துணி ஒட்டிய தட்டு ஒன்று வைத்திருப்பார்கள், அதில் உருட்டுங்கள்.

எல்லோரும் ஒரே அணியாக ஆடுகிற ஆட்டத்தில் அடுத்தவர் முறையை நீங்கள் ஆடிக் கொடுக்காதீர்கள். 'நீ அந்தப் பக்கம் போ, நான் இந்த அரக்கனைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று எல்லோருக்கும் சேர்த்து யோசிக்கிற ஒருவர் நம் கூட்டத்தில் எப்போதும் இருப்பார், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற மாமா மாதிரி. இங்கே அப்படிப்பட்டவரை மறுபடி கூப்பிட மாட்டார்கள். அவருக்குக் காரணமும் தெரியாது, வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

இன்னொன்று, மேஜையில் முதுகில் குத்துவார்கள். ரூட் என்று 2018 இல் வந்த ஆட்டம் இருக்கிறது, கோல் வெர்லி வடிவமைத்தது. பூனை, பறவை, முயல், எலி என்று படம் பார்த்தால் குழந்தைகள் புத்தகம். உள்ளே உட்கார்ந்தால் காட்டைப் பிடிக்கிற கொரில்லா யுத்தம். ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனி விதி. பூனைகள் மரம் வெட்டிக் கட்டடம் கட்டும், பறவைகள் தாங்கள் போட்ட ஆணையை நிறைவேற்ற முடியாமல் போனால் ஆட்சியே கவிழும். முந்துகிறவரை மற்றவர்கள் சேர்ந்து இறக்கினால்தான் ஆட்டம் சமநிலையில் நிற்கும். நான் அழைத்துப் போன ஒரு நண்பர், மதுரைக்காரர், மூன்று பேர் சேர்ந்து தன்னை மட்டும் அடிக்கிறார்கள், நிறத்தைப் பார்த்து அடிக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போனார். அவர் முதலிடத்தில் இருந்தார், அதனால் அடித்தார்கள். நிறம் பார்க்கிற ஆட்கள் இந்த ஊரில் இல்லை என்று சொல்ல மாட்டேன், வீடு தேடும்போது நீங்களே பார்ப்பீர்கள். ஆனால் அதையும் ஆட்டத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் இங்கே எந்த மேஜையிலும் உட்கார முடியாது.

ஃபேண்டஸி என்று நீங்கள் நினைப்பதும் அந்த மேஜையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டெரா மிஸ்டிகா என்று 2012 இல் இங்கே வந்த ஆட்டம், இரண்டு ஜெர்மானியர்கள் செய்தது. சூனியக்காரி, ராட்சதன், குள்ளன், கடற்கன்னி என்று 14 இனங்கள். சண்டை போடுவார்களா? மாட்டார்கள். ராட்சதன் வந்து நிலத்தைத் திருத்துவான், வீடு கட்டுவான், வருமானக் கணக்கு எழுதுவான். பகடையே கிடையாது. மந்திரவாதியைக் கொண்டுவந்து நகராட்சிப் பொறியாளர் வேலையில் போட ஜெர்மானியர்களால்தான் முடியும். கிண்டல் செய்தாலும் சொல்கிறேன், இருபது வருடம் கழித்தும் எடுத்து ஆடக்கூடிய ஆட்டம் அது.

மேஜையின் மறுமுனையில் ஐம்பதை ஒட்டிய ஆட்கள் இருப்பார்கள். 1989 இல் வந்த ஹீரோக்வெஸ்டைக் கிறிஸ்துமஸ் மரத்தடியில் பரிசாகப் பெற்ற தலைமுறை. காட்டுவீரன், குள்ளன், எல்ஃப், மந்திரவாதி நால்வரும் நிலவறைக்குள் நுழைவார்கள், ஒருவர் வில்லனாக உட்கார்ந்து கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திறந்து காட்டுவார். விதி நான்கு பக்கத்துக்குமேல் ஞாபகம் வைக்க வேண்டாம். 2021 இல் அதைப் புதுப் பொம்மைகளோடு மறுபடி வெளியிட்டார்கள். புதியதை வாங்கிவிட்டு, பழைய பெட்டியின் அட்டை நாற்றம் இதில் இல்லையே என்று புலம்புகிறவர்களிடம் மாட்டிக்கொள்வீர்கள். அதே ஆட்கள்தான் டாலிஸ்மானையும் எடுப்பார்கள், 1983 ஆட்டம். பகடை போட்டு நகர வேண்டியதுதான், யோசிக்க அதிகம் இல்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது யாராவது உங்களைத் தேரையாக மாற்றிவிடுவார்கள், கையிலிருந்ததையெல்லாம் கீழே போட்டுவிட்டு மூன்று முறை ஒவ்வொரு கட்டமாகத் தத்த வேண்டும். வியூகம் என்று பார்த்தால் மிகச் சுமாரான ஆட்டம். ஆனால் அந்த மேஜையில் சிரிக்கிற சிரிப்பு டெரா மிஸ்டிகாவில் வராது.

டைட்டன் என்ற ஆட்டம் கிடைத்தால் விடாதீர்கள். 1980 இல் இரண்டு அமெரிக்கர்கள் செய்தது. சதுப்பு நிலத்தில் ஓகர் என்கிற அரக்கர் இரண்டு பேர் நின்றால் ட்ரோல் என்கிற இன்னும் பெரிய அரக்கன் வந்து சேருவான், இரண்டு ட்ரோல் இருந்தால் ஒரு ரேஞ்சர். அப்படியே படை பெருகும். உங்கள் படைத்தலைவனான டைட்டன் செத்தால் நீங்கள் வெளியே, மற்றவர்கள் இன்னும் மூன்று மணி நேரம் ஆடுவார்கள், நீங்கள் டீ போடலாம். அதைச் செய்த இருவரில் ஒருவர் டேவிட் டிராம்ப்பியர், பெயர் பெற்ற ஓவியர். எண்பதுகளின் கடைசியில் திடீரென்று துறையை விட்டே போய்விட்டார். பல வருடம் கழித்து இலினாய் மாநிலத்தில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தது தெரியவந்தது. டைட்டன் மேஜையில் இந்தக் கதையை யாராவது ஒருவர் சொல்லாமல் ஆட்டம் முடிந்ததில்லை.

நான் வந்தபோது எனக்கு இப்படி யாரும் சொல்லவில்லை. போகும் (Bochum) நகரில் படித்தேன். காலி அறை, தரையில் மெத்தை, ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும் என்று தெரியாமல் வெறும் ரொட்டி. நம் ஆட்கள் சனிக்கிழமை கூடுவார்கள். பிரியாணி நன்றாக இருக்கும். அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஜெர்மானியர்கள் ஒட்டமாட்டார்கள், பனிக்கட்டி என்று பேசுவார்கள். பத்து வருடமாக அதையே பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஜெர்மன் மொழிக்கான பி1 தேர்வு எழுதாமலே. ஈழத்திலிருந்து எண்பதுகளில் வந்தவர்கள் எவ்வளவோ மேல். அகதி முகாமில் தொடங்கி, இந்த மொழியை வேலைத்தளத்திலேயே பிடித்துக்கொண்டு, ஹாம் நகரில் கோபுரத்தோடு கோயிலே கட்டிவிட்டார்கள். விமானத்தில் வந்து இறங்கிய நாம்தான் முணுமுணுக்கிறோம்.

என் விடுதியில் ஒருவன் என்னை இழுத்துக்கொண்டு போன குழுவில் ஒரு பெரியவர் இருந்தார், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழவே இல்லை. அவரிடம் மேஜிக் ரெல்ம் என்ற ஆட்டம் இருந்தது. ரிச்சர்ட் ஹாம்ப்ளன் 1979 இல் செய்தது, 20 பெரிய அறுகோண அட்டைகளை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி அடுக்கி உலகத்தையே புதிதாகக் கட்டுவார்கள். ஒவ்வொரு நாளும் என்ன செய்யப்போகிறோம், ஒளிவதா, நகர்வதா, தேடுவதா என்று முன்கூட்டியே ரகசியமாக எழுதிவைக்க வேண்டும். எதை அடைந்தால் வெற்றி, பொன்னா புகழா மந்திரமா என்பதையும் தொடக்கத்தில் அவரவரே எழுதிவைக்க வேண்டும். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில், வக்கீல் நோட்டீஸ் தோற்கும். பெரியவர் அகராதியை வைத்துக்கொண்டு தட்டச்சில் ஜெர்மன் ஆக்கி ஒரு கோப்பு வைத்திருந்தார். சர்ச்சை வந்தால் அந்தக் கோப்பும் மூலமும் சண்டை போடும். அங்கேதான் எனக்கு வேலை கிடைத்தது. இங்கிலீஷ் படித்தவன் என்று மூலத்தை என்னிடம் நீட்டுவார்கள். நான் வாசித்து, தெரிந்த ஜெர்மனில் விளக்கி, அவர் இல்லை என்று மறுத்து, நான் விடாமல் வாதாடி. கோப்பில் நான் சொன்ன திருத்தங்களைப் பேனாவால் எழுதி, ஓரத்தில் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டுவைப்பார். என் ஜெர்மன் வகுப்பறையில் வளர்ந்ததைவிட அந்த மேஜையில் வளர்ந்ததுதான் அதிகம். பிற்பாடு அலுவலகத்தில் ஒப்பந்த வாசகம் பற்றி வாதாட வேண்டி வந்தபோது எல்லோரும் எங்கே கற்றாய் என்று கேட்டார்கள். அரக்கனுக்கு எத்தனை அடி என்று சண்டை போட்டுக் கற்றேன் என்று எப்படிச் சொல்வது?

அதனால்தான் பெட்டி வேண்டாம் என்கிறேன். விருந்தாளியாகப் போகாமல் ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மைகளைப் பிரித்து அடுக்குவது, கணக்கு எழுதுவது, ஆட்டத்துக்குக் கூடுதலாக வருகிற எக்ஸ்பான்ஷன் பெட்டி ஆங்கிலத்தில் வந்தால் விதி வாசிப்பது. மூன்றாவது நான்காவது வாரம் நீங்கள் வராவிட்டால் செய்தி அனுப்பிக் கேட்பார்கள். முதல் வாரமே வீட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், அது நம் ஊர்.

அக்டோபரில் எஸ்ஸன் நகரில் நடக்கும் போர்டு கேம் சந்தைக்குப் போகத் தோன்றும். 1983 இல் அந்த ஊரின் முதியோர் கல்வி நிலையத்தில் சின்னதாகத் தொடங்கியது, 2019 இல் நான்கு நாளில் 2,09,000 பேர். வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நடக்கும். மாணவர் பயணச் சீட்டான உங்கள் செமஸ்டர் டிக்கெட்டிலேயே அரை மணி நேரத்துக்குள் எஸ்ஸன் வந்துவிடலாம், அங்கே ரயில் நிலையத்திலிருந்து U11 ரயில். நுழைவுச் சீட்டு முன்கூட்டியே இணையத்தில் வாங்குங்கள். தண்ணீர் பாட்டில், சாப்பாடு வீட்டிலிருந்து. வங்கி கார்டை வீட்டில் வைத்துவிட்டு, செலவழிக்க மனம் வருகிற பணத்தை மட்டும் பையில் எடுத்துப் போங்கள். காலி மேஜை கண்டால் உட்கார்ந்துவிடுங்கள், விளக்க ஆள் வருவார். வியாழக்கிழமை வகுப்பு இருந்தால் வெள்ளி போங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம்.