டீச்சர் பதில்கள்: தாழ்ப்பாள் எண்ணப் போன பிள்ளைகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் இன்டர்ன்ஷிப் பற்றித்தான். கல்லூரிகளில் லீவு நெருங்குகிறது. பிள்ளைகள் எங்காவது போய்ப் பயிற்சி முடித்து சர்டிபிகேட்டோடு வர வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தின் மகளிரியல் மையத்தைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டவள் நான் என்பது ஆசிரியர் குழுவுக்குத் தெரியும். கடிதக் கட்டை அப்படியே என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி: என் மகள் பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் பேங்க், ஆடிட்டர் ஆபீஸ் என்று பயிற்சிக்குப் போகிறார்கள். இவள் மட்டும் பல்கலைக்கழகத்து மகளிரியல் மையத்துக்குத்தான் போவேன் என்கிறாள். "அங்க போய் என்ன கத்துக்கப் போகுது? திரும்பி வந்து நம்மளையே எதிர்த்துப் பேசும்" என்கிறார் அவள் அப்பா. அனுப்பலாமா மேடம்?
(ஒரு அம்மா, செக்கானூரணி)

பதில்: அனுப்புங்கள். முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி மையங்களில் ஸ்டைபண்ட் கிடைப்பது அபூர்வம். தேனி ரோட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ் ஏறினால் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் கைக்காசு போகாது. மதியச் சோற்றை டப்பாவில் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.

முதல் வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள். பெண்ணுரிமை, போராட்டம் என்று ஏதேதோ நினைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் கையில் நாங்கள் கொடுப்பது பழைய பதிவேடுகளும் டைப் அடிக்கிற வேலையும்தான். சில மையங்களில் கடைசி நாள்வரை அதுதான். அதனால் சேரும்போதே என்ன வேலை, யார் பொறுப்பு, கிராமத்துக்குக் களப்பணி போனால் எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

நானே செய்த தப்பு ஒன்று உண்டு. பொறுப்பேற்ற முதல் வருஷம், பாலின சமத்துவம் என்று ஒரு கருத்தரங்கு. நாலு இன்டர்ன், நாலும் பெண்பிள்ளைகள். தட்டில் டீயை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார்கள். முன்வரிசைப் பேராசிரியர்கள் பேச்சை நிறுத்தாமல் கையை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் நாற்காலி அடுக்கும்போது அதில் ஒருத்தி, திருமங்கலம் பக்கத்துப் பிள்ளை, மெதுவாகக் கேட்டாள்: "மேடம், பேனர்ல சமத்துவம்னு போட்டிருக்கு. அதுக்குக் கீழ டீ கொடுத்தது பூரா நாங்கதானே?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த கூட்டத்திலிருந்து டீ கேனை ஹால் வாசலில் வைத்தோம், டம்ளர் பக்கத்தில். துணைவேந்தரே வந்தாலும் பிடித்துக் குடிக்க வேண்டியதுதான். ஒரு தடவை வந்தார், பிடித்துக் குடித்தார்.

அப்புறம் ஒரு வருஷம் வந்த பிள்ளைகளிடம், வளாகத்தில் பெண்கள் கழிப்பறைகளை எண்ணி வாருங்கள் என்றேன். கதவு சாத்துகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட மூடியுள்ள வாளி உண்டா என்று கட்டம் போட்ட தாள் ஒன்று, ஆளுக்கொரு பென்சில். மூன்று நாள் அலைந்தார்கள். 26 அறைகளில் 9-க்குத் தாழ்ப்பாள் இல்லை. ஓர் அறையில் கதவு ஆணியில் துப்பட்டாக் கிழிசல் தொங்கியது; உள்ளே போகிறவர்கள் அதை இழுத்துக் கட்டிக்கொள்வார்களாம். பரீட்சை நடக்கிற கட்டடத்துக்கு நேரே குறிப்பு என்ற இடத்தில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "பரீட்சை அன்று காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்று மூன்று பேர் சொன்னார்கள்." இன்னொரு கதவுக்கு நேரே: "வெளியே நின்று பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும்."

கழிப்பறை சரியில்லை என்று மகளிர் தினத்துக்கு மகளிர் தினம் நானும் மைக்கில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். எல்லாரும் தலையாட்டுவார்கள், சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். இந்தத் தடவை இரண்டு பக்கக் கடிதம், கூடவே கட்டடம், மாடி, அறை என்று வரிசையாகப் போட்ட அந்தத் தாள். பிள்ளைகளே பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வந்தார்கள். பதினைந்தாம் நாள் போய் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். மறுநாள் தச்சர் வந்தார். ஏழு கதவுக்குத் தாழ்ப்பாள் அடித்தார். மற்ற இரண்டும் அடிப்பலகை இற்றுப்போனவை, கதவையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் ஓய்வு பெறும்வரை மாற்றவில்லை.

உங்கள் மகள் அங்கே கற்றுக்கொள்ளக் கூடியது இதுதானம்மா. ஒரு குறையை எண்ணத் தெரியும், எழுதத் தெரியும், நகலில் சீல் வாங்கத் தெரியும், பதினைந்து நாள் கழித்துப் போய்க் கேட்கத் தெரியும். பிற்பாடு பேங்க் வேலைக்கே போனாலும் இது வீண்போகாது. எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலை படிக்கிற எண்ணம் இருந்தால் இன்னும் நல்லது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவுகிற சகி ஒருங்கிணைந்த சேவை மையம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தொண்டு நிறுவனங்கள் என்று வேலை தேடிப் போகும்போது இந்த அனுபவத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஒன்றே ஒன்று. பாலியல் புகார் விசாரணை நடக்கிற இடத்தில் இன்டர்ன்களை உட்கார வைக்கக் கூடாது. புகார் விசாரிப்பது உள்ளகப் புகார்க் குழுவின் வேலை, மகளிரியல் மையத்தின் வேலையே கிடையாது. யாராவது உங்கள் மகளைக் குறிப்பெடுக்கக் கூப்பிட்டால் முடியாது என்று சொல்லிவிடட்டும்.

எதிர்த்துப் பேசுமா என்றால், பேசும். தம்பி சாப்பிட்ட தட்டை நான் ஏன் கழுவணும் என்று ஒரு நாள் கேட்கும். உங்கள் வீட்டுக்காரர் தன் தட்டைத் தானே கழுவுகிறவர் என்றால் அவருக்கு ஒரு பயமும் வேண்டாம்.

கேள்வி: மகளிரியலும் மனையியலும் ஒன்றுதானே?
(ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: இல்லை ஐயா. ஆனால் நீங்கள் முதல் ஆள் இல்லை. எங்கள் மையத்துக்கு ஊறுகாய் போடக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் உண்டு. ஒருவர் எம்பிராய்டரி மிஷினோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

இந்தியப் பெண்களின் நிலை என்ன என்று பார்க்க மத்திய அரசு 1971-ல் ஒரு குழு போட்டது. 1974-ல் அந்தக் குழுவின் அறிக்கை வந்தபோது பலர் அதிர்ந்துபோனார்கள். ஆயிரம் ஆண்களுக்கு 1901-ல் 972 பெண்கள் இருந்தார்கள், 1971-ல் 930. சுதந்திரம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பெண்கள் மட்டும் குறைந்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்கிற படிப்புதான் மகளிரியல். பல்கலைக்கழக மானியக் குழு 1986-லிருந்து இதற்கென மையங்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலை பற்றிப் பத்திரிகைகள் எழுதியதும் அந்த 80-களில்தான். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. இதையெல்லாம் நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: நான் பையன். மகளிரியல் மையத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாமா? ஹாஸ்டலில் இப்போதே கிண்டல் ஆரம்பித்துவிட்டது.
(இறுதியாண்டு மாணவர், மதுரை)

பதில்: தாராளமாகப் போங்கள் தம்பி. கிண்டல் ஒரு வாரம் இருக்கும், அப்புறம் கிரிக்கெட் வந்துவிடும்.

எங்களிடம் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மதுரையைச் சுற்றி மல்லிகைத் தோட்டம் இருக்கிற ஊர்களில் ஒன்று அவனுக்கு. வீட்டில் யார் எந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று அரைமணிக்கு அரைமணி ஒரு நாள் முழுக்க எழுதி வரச் சொல்லியிருந்தேன். அம்மாவின் பத்தி விடிகாலை மூன்றரைக்கு ஆரம்பித்தது. தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கப் போனது, வந்து சோறாக்கியது, மாட்டுக்குத் தண்ணி காட்டியது என்று ஒழுங்காக எழுதிக்கொண்டே வந்தவன், மதியம் இரண்டிலிருந்து நான்குவரை "சும்மா இருந்தாங்க" என்று போட்டிருந்தான்.

"சும்மான்னா படுத்திருந்தாங்களா?"

"இல்ல மேடம், டிவி பாத்தாங்க."

"கை?"

கொஞ்சம் யோசித்தான். "பூ கட்டுச்சு."

முழக் கணக்கில் கடைக்குக் கொடுக்கிற பூ. கூலி வருகிற வேலை. பையன் ரப்பரை எடுத்து அழித்துவிட்டுத் திருத்தி எழுதினான். அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன், அழித்த தடம் தெரியும்.

மத்திய அரசு 2019-ல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவழிக்கிறார்கள் என்று வந்தது. 97 பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அது வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. அப்படிச் செய்ததாகச் சொன்ன ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான், பெண்கள் 81. மீதி 74 ஆண்கள் அந்தச் சராசரிக்குள்ளேயே வரவில்லை.

இந்த மாதிரி நேரக் கணக்குத் தாளை ஆண்கள் ஹாஸ்டலுக்குள் கொண்டுபோய்ப் பேச ஒரு பையன்தான் வேண்டும். நான் போய்ப் பேசினால் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள், ஒன்றும் நடக்காது.

கேள்வி: ஒரு கம்பெனியில் பயிற்சிக்குப் போகிறேன். மேலாளர் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மெசேஜ் அனுப்புகிறார். முதலில் வேலை பற்றி இருந்தது, இப்போது வேறு மாதிரி. சம்பளம் வாங்காத நான் புகார் கொடுக்க முடியுமா? சர்டிபிகேட் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: முடியும் தாயி. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பயிற்சியாளரையும் ஊழியர் என்றுதான் சொல்கிறது. சம்பளம் உண்டா இல்லையா என்பது கணக்கில்லை.

மெசேஜை அழிக்காதே. கோபத்தில் பிளாக் செய்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடமென்றால் அங்கே உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்தும் ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். ஆள் குறைவான இடம், அல்லது புகாரே முதலாளி மேல் என்றால் மாவட்டத்தில் இதற்கென உள்ளூர்க் குழு உண்டு; மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம்வரை நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். உன் பெயரை வெளியிடக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

உன் கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்கும். பயிற்சிக்கு அனுப்பியதே கல்லூரிதான், அதனால் அங்கேயும் சொல். சர்டிபிகேட்டை வைத்து மிரட்டினால் வேறு இடத்தில் பயிற்சியை முடிக்க ஏற்பாடு செய்து தரச் சொல்லிக் கேள். நான் பொறுப்பில் இருந்தபோது இரண்டு பிள்ளைகளுக்கு அப்படி நடுவில் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறோம், ஒரு மார்க்கும் குறையவில்லை. ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 181, எந்நேரமும் எடுப்பார்கள்.

வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் முதலில் அத்தையோ சித்தியோ, உனக்காக நிற்கிற ஒருத்தரிடம் சொல். தனியாக வைத்துக்கொண்டிருக்காதே.

கேள்வி: சமத்துவம் எல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. நம்ம ஊருக்கு எதற்கு?
(ஒரு வாசகர், மேலூர்)

பதில்: மேலூரிலிருந்து அழகர்கோவில் எவ்வளவு தூரம் ஐயா? அந்தப் பக்கத்துக் கிராமத்தில் வயல் வேலைக்குப் பெண்களைத் திரட்டிப் போய், எல்லாருக்குமாக நின்று கூலி பேசியவர் சின்னப்பிள்ளை. களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுவைக் கட்டியெழுப்பினார். பள்ளிக்கூடம் போனதில்லை. 2001-ல் டெல்லியில் விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார், 2019-ல் பத்மஸ்ரீ. அவர் எந்த மேல்நாட்டுக்குப் போய் இதைக் கற்றுக்கொண்டு வந்தார்?

கேள்வி: மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டி வைப்பது தப்பா மேடம்? எங்கள் துறையில் பெரிய சண்டையே நடக்கிறது.
(ஆராய்ச்சி மாணவி, திண்டுக்கல்)

பதில்: தப்பில்லை. கோலப்போட்டி, மெஹந்திப்போட்டி, அடுப்பில்லாச் சமையல் என்று அதோடு நிறுத்திவிட்டு மார்ச் 9-ஆம் தேதி எல்லாவற்றையும் மறந்துவிடுவதில்தான் எனக்கு எரிச்சல். ஒரு வருஷம் இன்டர்ன்கள் சொன்னார்கள் என்று போட்டியை ஆண்களுக்கும் திறந்துவிட்டோம். இயற்பியல் துறைப் பையன் ஒருவன் பதினைந்து புள்ளி சிக்குக் கோலத்தைக் கை எடுக்காமல் போட்டு முதல் பரிசு வாங்கினான். பரிசுக்கு எவர்சில்வர் குடத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம், மாற்ற முடியவில்லை. அதை இடுப்பில் வைத்துக்கொண்டே பெரியார் பஸ் ஸ்டாண்டுவரை போனான் என்று சொன்னார்கள்.